ஆளில்லாத சட்டை

என் கணவர் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் பதினைந்து வருடமாக மண்பொடி கலக்கும் வேலை பார்த்தார். நான் தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியை. போன வருடம் அவருடைய இருமல் மூன்று மாதமாகியும் நிற்காததால் கடலூருக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தோம். டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வலப்பக்கம் கட்டி போல ஏதோ தெரிகிறது, சதை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார். முடிவு வரப் பத்து நாள் ஆகும்.

அந்தப் பத்து நாளும் பள்ளி விட்டு வந்ததும் நோட்டும் மையும் பேனாவுமாக உட்கார்ந்துவிடுவேன். எதையும் யோசித்து வரையவில்லை. ஈரத்தாளில் மை தானாகப் பரவி, இலை உதிர்ந்த மரம் தலைகீழாகத் தொங்குவது போல ஆனது. உற்றுப் பார்த்தால் அது நுரையீரல். இன்னொரு நாள் ஆணியில் மாட்டிய சட்டை, உள்ளே ஆளில்லை. பாக்கெட்டில் அவர் வைக்கும் சீப்பைக்கூட வரைந்திருந்தேன். நான் வரைந்ததாலேயே அது நடந்துவிடும் என்று தோன்றியது. நோட்டை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அரிசி எடுக்கப் போனவர் கையிலேயே அது சிக்கியது. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, சட்டை இருந்த பக்கத்தில் நிறுத்தினார்.

"இது என்னுதுதான?"

தலையசைத்தேன்.

"நான் இன்னும் வூட்டுலதான இருக்கேன். அதுக்குள்ள கழட்டி மாட்டிட்டியா?"

குரலில் கோபமில்லை; பயம் இருந்தது. அதுவரை அவர் பயந்து நான் பார்த்ததில்லை. அத்தனை நாளும் எனக்காகத்தான் தைரியமாக இருப்பதுபோலக் காட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் விளங்கியது. நோட்டைக் கிழிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, தூங்கும்போது மூச்சு முட்டுவதாகவும், நான் தாங்கமாட்டேன் என்று மறைத்துவிட்டதாகவும் சொன்னார். இரண்டு பேரும் அழுதோம்.

பதினோராம் நாள் முடிவு வந்தது. புற்று இல்லை. தூசி படிந்து நுரையீரல் தழும்பாகியிருக்கிறது, இனி அது பழைய நிலைக்குத் திரும்பாது, மண்பொடிப் பக்கமே போகக்கூடாது என்றார் டாக்டர். சந்தோஷப்படுவதா கூடாதா என்று தெரியாமல் ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம்.

இப்போது அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு செருப்புக் கடையில் வேலை பார்க்கிறார். மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுகிறார். அவர் மறுபடி காலெடுத்து வைக்கும் வரை, நான் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறேன்.