நான்காவது முனை

“வெள்ளிக்கிழமை, காலை 11.42. நான்கில் மூன்று திரும்பின. நான்காவது”

என் நாட்குறிப்பில் அந்த வரி அங்கேயே அறுந்திருக்கிறது. அதன்மேல் ரோஸ் கறை; பாதி சாயம், பாதி இரத்தம்.

எழுதிய இடம் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் லேசர் அறை. என் தங்கை அங்கே ஆய்வு மாணவி. “பால் வந்த நேரத்தக்கூட எழுதுற ஆளு, இன்னைக்கு எனக்கு எழுதுங்கண்ணே” என்று கீரனூரிலிருந்து என்னையும் பஸ்ஸில் அழைத்துப் போயிருந்தாள்.

கண்ணாடித் தகட்டில் ஒரு மெல்லிய படலம்: ரோஸ் சாயம், அதில் தாறுமாறாகக் கலந்த வெள்ளைத் துகள். பச்சை லேசர் அதன்மேல் விட்டு விட்டு அடித்தது. உள்ளே போன வெளிச்சம் துகளுக்குத் துகள் மோதிச் சிதறிப் பெருகி, வழக்கமான லேசருக்கு வேண்டிய எதிரெதிர் ஆடிகள் இல்லாமலே தானும் ஒரு லேசராகிவிட்டது. கணினித் திரையில், அந்த ஒளியின் நிறமாலைக் கோட்டில், நான்கு கூர்முனைகள் எழுந்தன. லேசரின் ஒவ்வொரு அடிக்கும் அதே இடம்.

சக்தியைக் கூட்டினாள். முனைகள் இடம் தாவின. ஒன்றை ஒன்று விழுங்கின. வெளிச்சம் கடுமையானால் அது போகும் பொருளின் ஒளிவிலகல் எண்ணே மாறும், பாதைகளும் மாறும். அதுதான் அவள் ஆய்வு. ஆனால் படலம் கருகினாலும் முனைகள் தாவும். எது காரணம் என்று அறிய, சக்தியைக் குறைத்துப் பார்க்க வேண்டும். நான்கும் பழைய இடத்துக்கு வந்தால் படலம் கருகவில்லை என்று பொருள்; அவள் உழைப்பு பலிக்கும். இன்னொரு படலம் செய்தாலும் துகள்கள் அதே மாதிரி விழாது.

பதினொன்றரைக்குப் பிறகு மேசை அவளுடைய சீனியருக்கு. அவர் வந்து நின்றார். “கருகிப்போச்சு, எடுங்க.”

“அஞ்சு நிமிசம் சார். கொறச்சுப் பாத்துர்றேன்.”

“கணக்குப்பிள்ள கூடவே வந்துட்டாரு. நல்ல நேரம் குறிச்சுத் தரச் சொல்லவா?” என்றார், என் நாட்குறிப்பைப் பார்த்து.

அவள் குறைத்தாள். ஒன்று வந்து நின்றது. இரண்டு, மூன்று. நான் குனிந்து எழுதினேன். “இப்பக் கருகுது பாருங்க” என்று அவர் சக்தியைக் கூட்டும் குமிழைக் கடைசிவரை திருகினார். அந்தக் கையை அவள் கடித்தாள். பட்டாசு போல ஒரு சத்தம். தகடு சிதறிச் சில்லொன்று அவள் உள்ளங்கையில் ஏறியது. அவர் கடிபட்ட கையாலேயே அவளைக் கன்னத்தில் அறைந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து முகத்தில் குத்தினேன். மூக்கு உடைந்தது. அதன் பிறகும் குத்தினேன். எத்தனை முறை என்று குறிப்பில் இல்லை.

ஆஸ்பத்திரியில் தையல் போடும்போது கேட்டாள்:

“நாலாவது வந்துச்சாண்ணே?”

“குனிஞ்சு எழுதிக்கிட்டிருந்தேன் ஆத்தா. நீ பாக்கலையா?”

“நான் அந்தாளு கையத்தானே பாத்தேன்.”

லேசரின் அந்தக் கடைசிச் சில அடிகளைக் கணினி சேமிக்கவில்லை. வந்தது என்று எழுதிவிடட்டுமா என்றேன். அவள் கட்டுப்போட்ட கையை ஆட்டி வேண்டாம் என்றாள். ஆய்வேட்டில் மூன்று முனைகள்தான் இருக்கின்றன. நான்காவது திரும்பியதா என்பது இன்றுவரை சரிபார்க்கப்படவில்லை.