கம்பி தாழ்ந்த இடம்

மழை கொட்டினாலும் ஷர்மினி கடைகளின் முகப்புக் கூரைக்குக் கீழே ஒதுங்க மாட்டாள். ஸ்கூடாயில் அவள் அலுவலகம் இருக்கும் கடைவரிசையில் எல்லாரும் கூரையோரமாக நடக்கும்போது, இவள் மட்டும் கார்களுக்கு நடுவே நனைந்துகொண்டு போவாள். கேட்டால், மழை பிடிக்கும் என்பாள். பதினெட்டு வருடமாகக் கட்டடங்கள் நிற்கக் கணக்குப் போட்டுக் கொடுக்கும் இஞ்சினியர் கூரையைக் கண்டால் பயப்படுகிறாள் என்று யாரிடம் சொல்வது?

எல்லாம் குளுவாங்கில் அவள் வரைந்து கொடுத்த ஐந்து கடைகளால் வந்தது. கடைகளுக்கு முன்னால் தூண் இல்லாமல் ஆறடி நீளும் கான்கிரீட் கூரை. அப்படி நீளும் கூரையில் கம்பி மேல்பக்கமாக இருக்க வேண்டும். பாரம் முனையைக் கீழே இழுக்கும்போது மேல்பக்கம்தான் பிளக்கப் பார்க்கும். கான்கிரீட் ஊற்றும் நாள் காலையில் போய்க் கம்பிகளை அளந்து பார்த்தாள். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டாள். ஊற்றி முடிக்கும்வரை நிற்கலாம் என்றுதான் நினைத்தாள். ஸ்கூடாயில் ஒரு கூட்டம் இருந்தது.

கிளம்பும்போது, சாலையோரத்தில் நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோறு விற்றுக்கொண்டிருந்த காளியம்மா கூப்பிட்டார்.

"ஏம்மா, இது முடிஞ்சா இதுக்குக் கீழ நான் மேசை போட்டுக்கலாமா? வெயிலு தாங்கல."

"தாராளமா போடுங்கம்மா. ஒண்ணும் ஆகாது."

அவள் போன பிறகு, ஊற்ற வந்தவர்கள் கம்பிமேலேயே ஏறி நடந்தார்கள். மிதிபட்ட இடத்தில் கம்பி தாழ்ந்தது. கான்கிரீட் அதை மூடிவிட்டது. ஏழு வருடம் கழித்து, பெருமழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், மூன்றாவது கடையின் கூரை சொல்லாமல் கொள்ளாமல் விழுந்தது. கீழே காளியம்மா மட்டும் இருந்தார்.

விசாரணையில் அவள்மேல் குற்றமில்லை என்றார்கள். வரைபடம் சரி, காலைச் சோதனை சரி, ஊற்றும்போது நிற்க வேண்டியது கான்ட்ராக்டரின் ஆள். மற்ற நான்கு கூரைகளையும் இடித்தார்கள். காளியம்மாவிடம் என்ன சொன்னாய் என்று யாரும் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எந்தச் சைட்டில் யார் கம்பிமேல் கால் வைத்தாலும், 'மேசை போட்டுக்கலாமா' என்ற அந்தக் குரல் அவள் காதோரம் கேட்கும். சில சமயம் திரும்பியும் பார்த்துவிடுவாள்.

நான்கு வருடம் நீளும் கூரையே வரையாமல் தப்பித்தாள். பிறகு பாலோவில் ஒரு சிற்றாலயத்துக்கு மண்டபம் கட்ட வேண்டியிருந்தது. முகப்பில் அதே மாதிரிக் கூரை. இந்த முறை நான்கு மணி நேரம் வெயிலில் நின்று, கம்பிமேல் வேண்டாம், பலகைமேல் நடங்கள் என்று கத்திக் கத்திக் குரலே போயிற்று. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பார்வையிடப் போனாள். கூரையின் மேலே, சுவரை ஒட்டி, தலைமுடி போல ஒரு வெடிப்பு.

"முட்டுக் கொடுங்க. உடைச்சுப் பாக்கணும்," என்றாள்.

மண்டபக் குழுத் தலைவர் பெர்னார்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அலமாக்! மிஸ், நீங்கதானே கூடவே நின்னு பாத்தீங்க?"

"நின்னேன். இருந்தாலும் உடைங்க."

உடைத்தார்கள். கம்பி வரைபடத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. வெடிப்பு மேல்பூச்சில் மட்டும்தான். ஷர்மினி மண்டியிட்டு டேப்பை வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள். மூன்றாவது முறையும் அளந்தாள்.

"சரியாத்தானே இருக்கு மிஸ்? அப்புறம் ஏன் அழுவுறீங்க?"

அழுவது அவளுக்கே தெரியவில்லை. முதன்முறையாக ஒருவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பெர்னார்ட் கீழே கிடந்த டேப்பை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"என்கிட்ட சொல்லி என்ன லா ஆவப்போவுது? குளுவாங் பக்கந்தானே."

மறுநாள் காலையே ஷர்மினி குளுவாங் போனாள். காளியம்மாவின் மகள் செல்வராணி அந்தக் கடைகளுக்கு எதிரே ஒரு குடையின்கீழ் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தாள். ஷர்மினி தன் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

"தெரியும். விசாரணைல பாத்திருக்கேன். மாசம் ஒருக்கா வந்து அந்த மரத்தடியில காரை நிறுத்திட்டு உள்ளேயே உக்காந்திருப்பீங்க. எப்ப எறங்குவீங்கன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

ஷர்மினி சொன்னாள். கூட்டத்துக்குப் போனதை, காளியம்மா கேட்டதை, தான் சொன்ன பதிலை.

செல்வராணியின் கை நின்றது.

"அந்த மூணாவது கடைக்காரர் விசாரணைல என்ன சொன்னாரு தெரியுமா? அனுமதியில்லாம வந்து உக்காந்தாங்க, நான் வெரட்டியும் போவலன்னாரு. அறிக்கையில அப்படியே எழுதிட்டாங்க. எங்கம்மா கேக்காம எங்கயும் உக்கார மாட்டாங்க. இஞ்சினியரம்மாவே சொல்லிட்டாங்கன்னு எங்ககிட்ட எத்தனை தடவை சொன்னாங்க! நாங்க சொன்னா யாரு நம்புவா?" மடித்த பொட்டலத்தைக் கீழே வைத்தாள். "இப்ப என்கிட்ட சொன்னதை எழுதிக் குடுப்பீங்களா?"

எழுதினால் தொழிலே போகலாம் என்று ஷர்மினிக்குத் தெரியும். காரிலிருந்த வரைபடத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், செல்வராணி பொட்டலம் மடிக்கும் மேசைமேல் வைத்து, நின்றபடியே எழுதினாள். கையெழுத்துப் போட்டுத் தன் முத்திரையையும் குத்தினாள். செல்வராணி இரண்டு முறை படித்தாள். நன்றி சொல்லவில்லை; மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. "நகல் எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி நடந்தாள்.

விசாரணைக் கோப்பைத் திரும்பத் திறந்தார்கள். ஷர்மினிக்கு எழுத்தில் கண்டனம் வந்தது. ஆறு மாதம் எந்த வரைபடத்திலும் அவள் கையெழுத்துப் போடக்கூடாது என்றார்கள். அறிக்கையில் ஒரு வரி மாறியது: 'இறந்தவர், பொறியாளர் பாதுகாப்பானது என்று கூறியதன் பேரில் அங்கே அமர்ந்திருந்தார்.'

அந்த வரியை அவள் அலுவலக மேசையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். இத்தனை வருடமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்த வரி. படித்த பிறகும் குரல் நிற்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கேட்கும்போது அவள் திரும்பிப் பார்ப்பதில்லை. வேலையை நிறுத்தச் சொல்லி, கம்பியை அளக்கப் போய்விடுகிறாள்.