ஏலக்காய் சுமந்த கழுதை

வயது நாற்பத்தாறு. பெற்ற மகளோடு ஒரு கழுதைக்காக மல்லுக்கு நிற்கிறேன். இவ்வளவு முட்டாளாவதற்கு நான் கொஞ்சமும் சிரமப்படவில்லை.

போடி வீட்டு மேசையில் மகள் பகடையும் தாளுமாகச் சூப்பர்ஹீரோ விளையாட்டு நடத்துகிறாள். ஆளுக்கொரு ஹீரோவையும் அவனுக்குத் துணையாக ஒரு மிருகத்தையும் உருவாக்க வேண்டும். “பறக்குற சிங்கம் போட்டுக்கங்கப்பா” என்றாள். அந்த நேரம் பார்த்து டீயில் தட்டிப்போட்ட ஏலக்காய் மணந்தது. நான் நினைவில் குரங்கணி மலைப்பாதைக்குப் போய்விட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. எங்கள் கழுதை ஏலக்காய் மூட்டையோடு யார் துணையும் இல்லாமல் மலையிறங்கும். அன்று நான் பெரிய வீரனாக மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். கழுதை அப்படியே படுத்துவிட்டது.

“எறங்குடா அப்பு. அது ஏலக்காயத்தான் சொமக்கும், ஒன்னய இல்ல” என்று அப்பா சிரித்தார்.

மானம் போய் இறங்கி நடந்தேன். கழுதையோ ஒவ்வொரு வளைவிலும் நின்று, நான் வந்து சேர்ந்த பிறகே நகர்ந்தது.

“எனக்குக் கழுதைதான் வேணும்” என்றேன் மகளிடம்.

“மொத ரவுண்டுலயே தோத்துருவீங்கப்பா.”

“தோத்துட்டுப் போறேன். அது பறக்காது, ஹீரோவ ஏத்தாது, ஆனா விட்டுட்டும் போகாது. நீ எழுதுற வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்.”

மகள் தாளைப் பார்த்தாள், என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“கழுதை சரிப்பா, ஹீரோவத்தான் மாத்தணும்.”