இறுக்கிப் போட்ட முடிச்சு

ரோசலியின் வேலை என் பொய்யால் போனது. இதை இத்தனை காலம் நான் யாரிடமும் சொல்லவில்லை!

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலை ஒட்டிய ஓர் ஆய்வுத் தோட்டத்தில் நான் உதவியாளன். நெரவியிலிருந்து வரும் ரோசலி தினக்கூலி. நம் ஊர்ப் பரங்கியோடு வெளிநாட்டுப் பரங்கி இனமொன்றைக் கலந்து, இரண்டிலும் மரபணுக்கள் ஒரே வரிசையில் இருக்கின்றனவா என்று வரைபடம் போடுவது எங்கள் அதிகாரியின் கனவு.

நாளை மலரும் மொட்டை இன்று மாலையே நூலால் கட்ட வேண்டும். விடிந்ததும் அவிழ்த்து, மகரந்தம் தடவி, மறுபடி கட்ட வேண்டும். கட்டாத பூவில் தேனீ புகுந்து பக்கத்துப் பூவின் மகரந்தத்தை ஒட்டிவிடும். அவ்வளவுதான் வேலை... அதைக்கூட நான் செய்யவில்லை.

அன்று கடைசி வரிசை என் பொறுப்பு. நானோ மாலையில் சினிமாவுக்குப் போய்விட்டேன். காலையில் பார்த்தால் ஒரு பெண்பூ மலர்ந்து நிற்கிறது, உள்ளே தேனீ! விரட்டினேன். வெளிநாட்டு மகரந்தத்தைத் தடவிக் கட்டினேன். பதிவேட்டில் கட்டியவர் பெயர் எழுத வேண்டும். ரோசலி என்று எழுதினேன். ஏன் என்கிறீர்களா? அவளுக்குப் படிக்கத் தெரியாது!

இனம் வேறு என்பதால் மற்ற பூக்களெல்லாம் வெம்பி உதிர்ந்தன. காய்த்தது அது ஒன்றுதான். அதிகாரி இனிப்பு வாங்கித் தந்தார். நானும் தின்றேன்...

அதன் விதைகளைப் போட்டோம். வளர்ந்த கொடிகள் அத்தனையும் அசல் நம் ஊர்ப் பரங்கி! அதிகாரி பதிவேட்டைப் புரட்டிவிட்டு ரோசலியைக் கூப்பிட்டார். அந்தக் காயின் வாடிய பூவோடு எடுத்துவைத்திருந்த நூலை அவள் வாங்கிப் பார்த்தாள்.

"இது என் முடிச்சு இல்லீங்கய்யா. நான் சுருக்குதான் போடுவேன், இழுத்தா அவுந்துடும். இது இறுக்கிப் போட்ட முடிச்சுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார்.

"ரோசலி கட்டுனதுதான் சார். அவசரத்துல போட்டிருக்கும்" என்றேன்.

அவள் என்னை முறைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து அவளுக்கு வேலை இல்லை.

சில வருடங்கள் கழித்து அம்பகரத்தூர் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். இளைத்திருந்தாள். வேலை கிடைத்தால் நடவுக்குப் போகிறாளாம்.

"யோசிச்சுப் பாத்தேன் சார். நான்தான் அன்னைக்கு மாத்திக் கட்டிட்டேன் போல. ஐயா பட்ட பாடெல்லாம் என்னால வீணாப் போச்சு..."

அப்போதாவது சொல்லியிருக்கலாம் அல்லவா? பக்கத்தில் வேறு யாருமில்லை. என் வாயில் வந்தது என்ன தெரியுமா?

"பரவாயில்ல ரோசலி, விடுங்க."

நான் அவளை மன்னித்தேன்!

"நல்ல மனசு சார் உங்களுக்கு" என்றாள்.

பஸ் வந்தது. நான் ஏறிக்கொண்டேன்.