உங்களுக்கு இல்லாததா?

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வந்தவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எனக்குக் கதை கட்டத் தெரியாது. ஷிராஸ் நகரத்தில் இருபது வருஷமாக டாக்சி ஓட்டுகிறேன். குடிப்பழக்கம் கிடையாது. பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் வயிறு வலிக்கச் சிரிக்கிற ஆள் நான். மூன்று வாரத்துக்கு முன்பு வரை அப்படித்தான் இருந்தேன்.

என் மனைவி மஹினுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டயாலிசிஸ் இல்லாமல் நாள் ஓடாது. மாற்றுச் சிறுநீரகம் வேண்டுமென்று பதிந்து வைத்து நாலு வருஷம் ஆகிறது. அவளோடு சேர்ந்து பதிந்தவர்களில் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை. கேட்கிறவர்கள் ஆயிரம் பேர், கொடுக்கிறவர்கள் நாலு பேர் என்றால் வேறென்ன ஆகும்? "இந்தக் குளிர்காலத்தைத் தாண்டணும்னா சீக்கிரம் கிடைச்சாகணும்" என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து போன் மணி அடித்தாலே வண்டியை ஓரம் கட்டிவிடுவேன்.

அன்று வியாழக்கிழமை. செத்துப்போனவர்கள் வீட்டை எட்டிப் பார்க்க வருகிற சாயங்காலம் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மழை பெய்துகொண்டிருந்தது. பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். மணி ஐந்தரை இருக்கும். ஆஸ்பத்திரி வாசல் சிக்னலில் நின்றேன். கதவு திறந்த சத்தமே கேட்கவில்லை. "சலாம் அண்ணே" என்று பின்னால் குரல் மட்டும் வந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். இருபத்தைந்து வயசுப் பையன். வெள்ளைச் சட்டை. இடது புருவத்தில் பாதி மட்டும் நரைத்திருந்தது.

"முதுகைக் காட்டிட்டு உக்காந்திருக்கேன், மன்னிச்சுக்கோ தம்பி" என்றேன், வழக்கம்போல.

"பூவுக்கு ஏதுண்ணே முன்னும் பின்னும்" என்றான். இந்தக் காலத்தில் இப்படி மரியாதை தெரிந்த பிள்ளையா என்று மனசு குளிர்ந்துபோனது.

கொஞ்ச தூரம் போனதும் கார் முழுக்கப் பன்னீர் வாசனை அடித்தது. மழைக்குக் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்து மங்கிவிட்டது. நான் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். அவன் பக்கத்துக் கண்ணாடி மட்டும் பளிச்சென்று இருந்தது. மூச்சு விடுகிற ஆள் பக்கத்தில் இருந்தால் ஆவி படியாதா? அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

திருப்பத்தில் நிறுத்தச் சொன்னான். பணம் நீட்டினான்.

"உங்களுக்கு இல்லாததா? இருக்கட்டும் தம்பி."

எங்கள் ஊர் வழக்கம் அது. காசு நீட்டினால் முதலில் வேண்டாம் என்போம். இரண்டாவது தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாவது தடவைதான் கை நீளும். கொடுப்பதும் அப்படித்தான், மறுப்பதும் அப்படித்தான். முதல் இரண்டு பேச்சும் மரியாதைக்கு, மூன்றாவதுதான் மனசு. பால்குடி மாறாத பிள்ளைக்கும் இது தெரியும்.

மூன்றாவது தடவை வாங்கிக்கொண்டேன். அவன் சிரித்தான்.

"பாத்தீங்களா, உங்க மனசே மூணாவது தடவைதான் வெளிய வந்துச்சு."

"அதுக்கென்ன இப்ப?"

"ஆஸ்பத்திரி மூணாவது மாடியில அம்மா உக்காந்திருக்காங்க. உள்ளே பிள்ளை கிடக்கு. மூளை செத்துப்போச்சு. உறுப்பெல்லாம் தானமா குடுக்குறீங்களான்னு டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரு. ரெண்டு தடவையும் 'உங்களுக்கு இல்லாததா, எடுத்துக்கோங்க'ன்னுட்டாங்க. மூணாவது தடவை யாரும் கேக்கலை."

"ஐயோ பாவம்... பிள்ளை யாரு, உன் தம்பியா?"

"நீங்க போய்க் கேளுங்கண்ணே."

திரும்பிப் பார்த்தேன்.

சீட்டில் யாருமில்லை. கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. அவன் கொடுத்த நோட்டு மட்டும் என் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது.

உள்ளே கிடக்கிற பிள்ளை இவன்தான் என்று புரிந்தது. அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மஹின்.

"எங்கேய்யா இருக்க? கூப்பிட்டுட்டாங்க! சிறுநீரகம் கிடைச்சிருக்காம்! அந்த ஓட்டை வண்டியைத் திருப்பிட்டு ஓடி வா!"

"எங்கேருந்து... கிடைச்சுதாம்?"

"கடையிலயா வாங்குனாங்க? எவளோ ஒரு தாய் மனசு வெச்சிருக்கா. அவ வயிறு குளிரட்டும்!"

மஹினைக் கொண்டுபோய் அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ரத்தப் பரிசோதனைக்கு உள்ளே கூட்டிப் போனார்கள். நாலு வருஷத்துக்கு அப்புறம் அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் வாயை மூடிக்கொண்டு கீழேயே உட்கார்ந்திருந்தால் போதும்; அவள் பிழைத்துவிடுவாள். சத்தியமாக, உட்காரத்தான் பார்த்தேன். முடியவில்லை. மனசில்லாமல் கொடுத்த உறுப்போடு அந்தப் பையன் என் மனைவியின் வயிற்றுக்குள் வந்து குடியேறிவிடுவானோ என்று பயம். கால் தானாக மாடி ஏறியது.

கறுப்புச் சாதரைத் தலையோடு போர்த்திய ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். அந்த நிலைமையிலும் என்னைப் பார்த்ததும் பாதி எழுந்து, "வாங்க, ஒரு வாய் டீ குடிங்க" என்று பிளாஸ்கை எடுத்தார்.

"அம்மா, நான் டாக்சிக்காரன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். மரியாதைக்குச் சொல்லாதீங்க. பிள்ளையோட உறுப்பைக் குடுக்க உங்களுக்கு மனசு இருக்கா?"

டீ தரையில் சிந்தியது.

"...இல்லய்யா. இன்னும் உடம்பு சூடா இருக்கு. அறுக்காதீங்கன்னு கத்தணும் போல இருந்துச்சு. அந்த டாக்டர் கைகட்டி நின்னு கேட்டாரு. முகத்துக்கு நேரா எப்படி இல்லேங்கிறது?"

அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். எனக்கும் அழுகை வந்தது. ஒருபக்கம் இந்தத் தாய், கீழே என் மஹின்.

"அழாதீங்கம்மா. உங்க மகன்தான் என்னை அனுப்பி வெச்சான்."

நிமிர்ந்து பார்த்தார்.

"மகனா?"

"ஆமாம்மா. வெள்ளைச் சட்டை... பாதிப் புருவம் நரைச்சு..."

"உள்ளே கிடக்குறது என் பொண்ணு. எனக்கு ஆம்பளைப் பிள்ளையே கிடையாதே."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக டாக்டர் அறைக்குள் போனார்.

சிறுநீரகம் இல்லை என்று சொல்லி ராத்திரிக்குள் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டு வாசலில் மஹின், "பெத்தவ இல்லியா. நானா இருந்தாலும் மாட்டேன்னுதான் சொல்லியிருப்பேன்" என்று சொல்லி உடைந்து அழுதாள். நான்தான் போய்க் கேட்டேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தத் தாய் சொன்னது சத்தியம். அவன் பொய் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் என்னை அனுப்பிக் கேட்க வைத்தது யார்? எதற்கு?

முந்தாநாள் டயாலிசிஸ் முடிந்து வண்டியில் ஏறியதும் மஹின் சிரித்தாள்.

"பக்கத்துப் படுக்கைக்குப் புதுசா ஒரு பையன் வந்திருக்கான். தங்கமான பிள்ளை. 'எங்க வீட்டுக்கு வாங்கக்கா'ன்னு ஒரே தொந்தரவு."

"ஆள்... எப்படி இருப்பான்?"

"ஏன், பொறாமையா? ஒரு புருவம் பாதி நரைச்சிருக்கும், பாவம்."

பிரேக்கை மிதித்தேன்.

"எத்தனை தடவை கூப்பிட்டான்?"

"ரெண்டு தடவை. இருக்கட்டும் தம்பின்னு சொல்லிட்டேன். மரியாதைக்கு அப்படித்தானே சொல்லணும்?"

அவளை வண்டியிலேயே விட்டுவிட்டு வார்டுக்கு ஓடினேன். நர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"அந்தப் படுக்கையா? அந்த மெஷின் ரிப்பேராகி மாசக்கணக்காச்சு. அதுல யாரையும் படுக்க வைக்கிறதில்லையே."

இன்றைக்கு மறுபடியும் டயாலிசிஸ். போகாமல் இருக்க முடியாது, போகாவிட்டாலும் சாவுதான். வேறு இடம் கேட்டு நாயாய் அலைந்தேன், எங்கும் இடமில்லை. வார்டுக்குள் கூட இருக்க என்னை விடமாட்டேன் என்கிறார்கள். வழியெல்லாம் எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினேன். ஒரு வார்த்தை நம்பவில்லை. உனக்குப் பொறாமை முற்றிவிட்டது என்று சிரித்தாள். வார்டு வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன்.

"மஹின்... அவன் இன்னொரு தடவை கூப்பிட்டாலும் வரமாட்டேன்னு சொல்லு."

கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"சீ, மூணாவது தடவையும் மாட்டேன்னா அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.