இபிடுனின் முழங்கால்கள்

மேடம் ஆபெகே ஒருநாளும் கத்தியதில்லை. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். "கண்ணு" என்று கூப்பிட்டுவிட்டால் அந்த ஆள் தொலைந்தாள். மணப்பெண் வாசலில் காருக்குள் காத்திருக்க, தைத்து முடித்த சட்டையின் கைகளைப் பிரிக்கச் சொல்வார். லாகோஸ் நகரத்துச் சுருலேரேயில் அவரிடம் தைக்காத பணக்கார வீடு இல்லை.

இபிடுன் அவருக்கு வலது கை. போன் பிடிப்பாள், வறுத்த வாழைப்பழத்தில் உப்பு சரியா என்று தின்று பார்ப்பாள், வாடிக்கையாளர் காலடியில் மண்டியிட்டுப் பாவாடை விளிம்புக்கு ஊசி குத்துவாள். மேடம் நின்று பார்ப்பார். ஒரு நூல் ஏறியிருந்தாலும் முதலிலிருந்து.

அவள் ஆசை சினிமா. சில படங்களில் அழுகிற கூட்டத்தில் நின்றிருக்கிறாள். எதிலும் முகம் தெரியவில்லை.

தையல்காரிகளைக் கொடுமைப்படுத்தும் ஒரு முதலாளியம்மாவைப் பற்றிச் சிரிப்புப் படம் எடுக்க இயக்குநர் ஒபின்னா கடையை வாடகைக்குக் கேட்டான். "ஒரு பெரிய டிசைனரோட கதை மம்மி" என்று மட்டும் மேடத்திடம் சொன்னான். தன் பெருமை என்று நினைத்துக்கொண்ட மேடம், உடைகளைத் தானே தைப்பதாகச் சொல்லிக் கடையைக் கொடுத்தார். முதலாளியம்மாவாக நடிக்க வந்த நடிகைக்கு ஒரே சட்டையைக் காலையிலிருந்து போட்டுக் கழற்றினார். "மூச்சை இழுக்காதீங்க கண்ணு. உங்க வயிறு எனக்குத் தெரியணும்." மதியம் நடிகை கோபித்துக்கொண்டு காரேறிப் போய்விட்டாள். மேடமும் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஒபின்னா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். தையல்காரி கஃபாயா இபிடுனைப் பிடித்துத் தள்ளினாள்.

"இவளைப் பாருங்க சார். கரண்ட் போனா எங்களுக்கு இவதான் டிவி."

இபிடுன் மேடத்தின் பழைய கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். கஃபாயாவின் காலரை இரண்டு விரலால் தொட்டு, "இது என்ன கண்ணு?" என்றாள், கேட்டும் கேட்காமலும். உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த தையல்காரிகள் தம்மையறியாமல் எழுந்து நின்றார்கள்.

"கேமராவை எடுங்கடா" என்றான் ஒபின்னா.

முதல் காட்சியில் வாடிக்கையாளராகக் கிழவர் பாபா ஜிமோ உள்ளே வர வேண்டும், முதலாளியம்மா அவரை ஏறிட்டும் பார்க்கக் கூடாது. அவர் வந்தார். இபிடுன் சட்டென்று மண்டியிட்டு வணங்கினாள். மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் மண்டியிட்டாள்.

"அம்மா தாயே, நீ முதலாளி!"

"அவருக்கு எங்கப்பா வயசு சார்."

"இது படம்!"

"எனக்குத் தெரியுது. என் முட்டிக்குத் தெரியலையே."

பாபா ஜிமோவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்தது. "அவளை மேசைக்குப் பின்னால உக்கார வெச்சு முட்டியைக் கட்டுங்கப்பா. ஒழுங்கா வளர்த்த பிள்ளை, வேற வழியில்ல." கஃபாயா தன் தலைத்துணியை அவிழ்த்து இபிடுனின் முழங்கால்களை நாற்காலியோடு கட்டினாள். காட்சி சரியாக வந்தது.

சேதி மேடத்துக்கு எட்டியது. "நாளையிலருந்து வர வேண்டாம் கண்ணு" என்றார். அவ்வளவுதான்.

படம் முடிந்து அரங்கில் முதல் திரையிடலுக்கு நாள் குறித்தார்கள். லாகோஸில் எந்த விழாவுக்கும் விழாக்காரர் குறிக்கும் ஒரு துணி உண்டு. அவர் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அதிலேதான் தைத்து உடுத்தி வருவார்கள். வேறு துணியில் வருகிறவர் அவர் ஆள் அல்ல. இபிடுன் பச்சை லேஸ் எடுத்தாள். மேடம் என்ன உடுத்தி வருவார் என்றுதான் ஊரே பேசியது. பச்சையில் வராவிட்டால் அவருடைய பணக்காரப் பெண்கள் ஒருத்தியும் படத்தை எட்டிப் பார்க்கமாட்டார்கள். படம் படுத்தால் இபிடுனை அடுத்த படத்துக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்?

அவளே கடைக்குத் துணியைக் கொண்டுபோனாள். வாசலில் மண்டியிட்டு இரு கையாலும் நீட்டினாள். மேடம் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"மலிவு."

துணியை மேசைமேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்று அரங்கு பச்சையாக நிறைந்திருந்தது. படம் தொடங்கும் நேரம் தாண்டியும் முன்வரிசையில் ஒரு நாற்காலி காலி. இபிடுன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் கதவு திறந்தது.

பச்சை. அதே மலிவு லேஸ். ஆனால் சட்டைக் கைகள் இறக்கைபோல எழுந்து நிற்க, தலைத்துணி தட்டுபோல விரிந்திருந்தது. அந்தத் துணி அப்படியெல்லாம் ஆகும் என்று கடைக்காரனே நம்பியிருக்கமாட்டான்.

படம் ஓடியது. அரங்கு சிரித்துத் தவித்தது. மேடத்தின் முகம் அசையவில்லை. நாற்காலியோடு கட்டப்பட்ட முதலாளியம்மா "இது என்ன கண்ணு?" என்றபோது மட்டும் பக்கத்துச் சீமாட்டியிடம் குனிந்தார். "நான் இன்னும் மெதுவாப் பேசுவேன்" என்றார். அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரிக்க, மேடத்தின் தோள்களும் குலுங்கின.

வெளியே கேமராக்கள் இபிடுனைச் சூழ்ந்தன. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடம் வந்தார். இபிடுனின் முழங்கால்கள் தாமாக மடங்கின. மேடம் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"துணி கசங்கும். இதை யாரு தைச்சது?"

"கஃபாயா, மம்மி."

"விளிம்பு ஒரு பக்கம் தொங்குது. திங்கக்கிழமை கடைக்கு வா."

"திங்கக்கிழமை ஷூட்டிங் மம்மி. இப்பத்தான் கேட்டாங்க. புதுப் படம்."

மேடம் விளிம்பைப் பார்த்தார். கேமராக்களைப் பார்த்தார். மறுபடி விளிம்பைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து ஊசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டு, ஊர் பார்க்க, பச்சை லேஸோடு இபிடுனின் காலடியில் மண்டியிட்டார்.

"ஐயோ மம்மி, துணி கசங்கும்!"

"அசையாம நில்லு கண்ணு."

இபிடுன் நின்றாள்.