துண்டுக்கு அடியில் பிறந்த உலகம்

திண்டிவனத்துக்கு வெளியே, ஒலக்கூர் போகிற வழியில் இருந்த ஒரு மாட்டுக் கொட்டகையில் உலகம் படைக்கப்பட்டபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். படைத்தவர் ஒரு சமையல்காரர். வந்த நாளிலிருந்தே அவரை நான் நம்பவில்லை.

எண்பதுகளின் நடுவில் என்று நினைக்கிறேன். ஏழாவதோடு எனக்குப் பள்ளிக்கூடம் நின்றுபோயிருந்தது. விழுப்புரம் ஜங்ஷனில் மூட்டை தூக்கினேன். செங்கல் சூளையில் இருந்தேன். ஒரு சீசன் முழுக்கக் கரும்பு வெட்டினேன். எங்கேயும் நிலைத்ததில்லை. வேலை பிடிக்காமல் போகும், அல்லது என்னைப் பிடிக்காமல் போகும், கிளம்பிவிடுவேன். ஒரு நாள் சந்தையில் அறுத்துக்கொண்டு ஓடிய காளையை மடக்கி நிறுத்தினேன். அதைப் பார்த்த மாட்டுத் தரகர் ஒருவர், "எங்கூட வர்றியா, சோறு போடறேன்" என்றார். போனேன்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துத் தன் வலது கையையும் எதிராளியின் வலது கையையும் மூடிக்கொள்வார். உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் சேர்த்துப் பிடித்தால் ஐந்து. நூறா ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரிவது இரண்டு முகங்கள் மட்டும். முகத்தில் எதையும் காட்டக் கூடாது. எங்கள் தரகர் அதில் கைதேர்ந்தவர்.

அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. பெண்களைக் கட்டிக்கொடுத்துவிட்டார். "அடுத்த வருஷம் திண்டிவனம் சந்தைய வேற ஆளுகிட்ட வுட்டுடலாம்னு இருக்கறேன், விழுப்புரம் மட்டும் போதும் எனக்கு" என்று அடிக்கடி சொல்ல ஆரம்பித்திருந்தார். அந்த வேறு ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நின்று பார்க்கலாம் என்ற ஆசை எனக்கு வந்தது அப்போதுதான். அந்தச் சமயம் பார்த்துச் சமையல்காரர் வந்து சேர்ந்தார்.

கண்டமங்கலத்துக்காரர். பாண்டிச்சேரியில் வெள்ளைக்காரர்கள் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தாராம். அவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டதால் வேலை போயிற்று என்றார். வெள்ளைக்காரருக்குச் சமைத்தவர் மாட்டுக்காரர்களுக்குக் கேப்பைக் களி கிண்ட எதற்காக வர வேண்டும்? நான் கேட்டதற்கு, "பசிக்கறவனுக்குச் சமைக்கறதுதான் எனக்குப் பிடிக்கும்" என்றார். இப்படி அழகாகப் பதில் சொல்கிறவர்களிடம் எனக்கு எப்போதும் ஜாக்கிரதை.

சந்தை இல்லாத நாட்களில் மதிய நேரத்தில் கொட்டகையில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது. தரகர், நான், சமையல்காரர், மாடு ஏற்ற வந்து படுத்துக் கிடக்கும் லாரி டிரைவர், நான்கு பேர்தான். டிரைவர் கிளியனூர் பக்கத்துக் கிறிஸ்தவர். எதையும் கிண்டல் செய்வார். அப்படி ஒரு மதியத்தில்தான் சமையல்காரர் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். அவர் வேலை பார்த்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடுவார்களாம். கட்டம் கிடையாது, காய் கிடையாது. ஒருவர் ஒரு உலகத்தைச் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு ஜனத்தை எடுத்துக்கொண்டு அதற்குள் இறங்குவார்கள். நினைத்தது நடக்குமா நடக்காதா என்பதைப் பல முகம் வைத்த ஒரு பகடை சொல்லும். இவர் டீ கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்பாராம்.

"நாமளும் ஆடலாமே" என்றார் தரகர்.

"ஆடலாம்ணா. ஆனா அந்த உலகம் எப்படிப் பொறந்துச்சுன்னு முதல்ல சொல்லணும். அது இல்லாம அவங்க ஆட்டத்தையே தொட மாட்டாங்க."

"உலகம் பொறந்த கதையெல்லாம் எங்க சாமியாரு எப்பவோ சொல்லிட்டாரு" என்றார் டிரைவர். "ஆறு நாள்ல வேலை முடிஞ்சுது. நீ எத்தினி நாள் எடுத்துப்ப?"

"சோறு வடியறதுக்குள்ள சொல்லிடறேன்."

பகடை இல்லை. தரகர் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறினார். "பகடை எதுக்கு? இது இருக்குதுல்ல?"

அப்படித்தான் சட்டம் உண்டானது. கதை சொல்கிறவர் துண்டுக்கு அடியில் ஆடுகிறவரின் விரல்களைப் பிடிப்பார். ஐந்து என்றால் நினைத்தது முழுசாக நடக்கும். ஒன்று என்றால் எல்லாம் நாசம். பிடிபட்டவர் எண்ணை உரக்கச் சொல்ல வேண்டும். பிடித்தவர் ஆமாம் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறு யாரும் இப்படி ஒரு காரியத்தைச் செய்திருக்க மாட்டார்கள். பகடைக்கு யார் மேலும் பிரியம் கிடையாது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு ஒரு மனுஷன் கையில் விதியைக் கொடுத்துவிட்டோம்.

"படைக்கறதும் அவரு, விதியும் அவரு. அப்புறம் நாம எதுக்கு?" என்றேன்.

"நான் யோசிச்சுப் பிடிக்க மாட்டேன்பா. கை எதைப் பிடிக்குதோ அதுதான்" என்றார் சமையல்காரர். தரகர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சமையல்காரர் சொன்ன பிறப்பு இது. முதலில் இருட்டு இருந்தது. அந்த இருட்டு ஒரு துண்டு. அதற்கு அடியில் இரண்டு கைகள் பேரம் பேசிக்கொண்டிருந்தன. யாருடைய கைகள், எதற்காகப் பேரம் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கை ஐந்தைப் பிடித்தது. மற்றக் கை அதை மூன்று என்று எடுத்துக்கொண்டது. பேரம் முடிந்தது என்று இரண்டும் விலகின. நடுவில் இரண்டு மிச்சமாகக் கிடந்தது. ஒரு மிச்சம் தரை ஆயிற்று. இன்னொன்று தண்ணீர்.

"எந்தக் கை ஏமாத்துச்சு?" என்று கேட்டார் டிரைவர்.

"ரெண்டும் ஏமாத்தல. மூணுன்னு எடுத்த கைக்குத் தெரியல."

"சாமிக்கு எப்படித் தெரியாமப் போவும்?" என்றேன்.

சமையல்காரர் குனிந்து அடுப்பை ஊதினார். தரகர் எதுவும் கேட்கவில்லை. சாதாரணமாக அவர்தான் அதிகம் கேள்வி கேட்கிறவர்.

இரண்டாவது யுகம் கல்மாடுகளின் யுகம். விலை முடிந்தும் யாரும் வந்து ஓட்டிப் போகாததால் மாடுகள் நின்று நின்று அலுத்துப் படுத்துவிட்டன. திண்டிவனத்தைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்று கிடக்கிற பாறைக் குன்றுகள் எல்லாம் அவைதான். கொட்டகை வாசலில் இருந்து பார்த்தால் ஒரு குன்று தெரியும். அதற்குப் பிறகு அதை மாடாக இல்லாமல் என்னால் பார்க்க முடிந்ததில்லை. அந்த ஆள் மேல் இருந்த எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது யுகத்தில் மனிதர்கள் வந்தார்கள். மாடுகளை ஓட்டிப் போகக் கயிற்றோடு வந்தவர்கள் ஒரு ஜனம். அது தரகருக்கு. அவர்கள் கட்டுத்தறியைப் பிடுங்கிய பள்ளங்களில் தண்ணீர் நின்று ஏரிகள் ஆயின. பாதை போடும் ஜனத்தை டிரைவர் எடுத்துக்கொண்டார். "எங்காளுங்க எந்தக் கையையும் கும்புட மாட்டாங்க, சொல்லிட்டேன். ஊர்ல கேட்டா எனக்குத்தான் பேஜாரு" என்றார். எல்லாம் பங்கு போட்ட பிறகு, கடைசியில் வந்து ஓரத்தில் நிற்கும் ஊரற்ற ஜனத்தை எனக்குக் கொடுத்தார் சமையல்காரர். என்னைப் பார்த்தே செய்தது என்று புரிந்துகொண்டேன்.

நான் கவனிக்கத் தொடங்கினேன். என் ஜனத்துக்கு ஒன்றும் வரும், ஐந்தும் வரும். டிரைவருக்கும் அப்படித்தான். தரகரின் ஜனம் மட்டும் ஒருநாளும் மூன்றைத் தாண்டவில்லை. "மூணு" என்பார் தரகர். "ஆமாண்ணா, மூணு" என்பார் சமையல்காரர். சில சமயம் ஒன்று, சில சமயம் இரண்டு. நான்கோ ஐந்தோ வரவே இல்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூட வராமல் இருக்குமா? வேண்டுமென்றே அமுக்குகிறார் என்று நினைத்தேன். ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கும் தரகருக்கு அதில் வருத்தமே இல்லை. சோறு ஆறுவதற்குள் "வாய்யா, உலகத்த எடு" என்று துண்டோடு உட்கார்ந்துவிடுவார்.

அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது. ஆட்டம் சும்மா. தினமும் துண்டுக்கு அடியில் தரகரின் கையைப் பிடித்து அவர் பிடியையும் பதிலையும் இந்த ஆள் படித்துக்கொண்டிருக்கிறார். நான் வருஷக்கணக்கில் மாட்டைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். ஒரு தடவையாவது என் கையைத் தரகர் தன் துண்டுக்குள் விட்டிருப்பாரா? இவருக்குக் களி கிண்டிய கையோடு கிடைத்துவிட்டது. திண்டிவனம் சந்தை யாருக்குப் போகப்போகிறது என்பது எனக்குத் தெளிவாகிவிட்டது.

சந்தையிலும் ஏதோ சரியில்லை. நல்ல ஜோடி மாடு ஒன்றுக்கு வந்த ஆள், பேரம் முறிந்து போகும்போது என்னிடம், "நான் குடுத்ததுக்கு மேல இன்னா குடுப்பாங்க? உங்காளு வேணாம்னுட்டாரு" என்று முறைத்தார். அந்த மாட்டைப் பிறகு அதைவிடக் குறைத்துத்தான் தள்ளினோம். இன்னொரு நாள் தரகர் ஒருவரிடம், "திரும்பப் பிடி, இன்னொருவாட்டி பிடி" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பேரத்தில் திரும்பக் கேட்பது வழக்கமே இல்லை. தரகரையும் சந்தேகப்பட்டேன். வேறு யாருக்கோ மாட்டை ஒதுக்குகிறார்களோ, அவரும் சமையல்காரரும் கூட்டோ என்று.

இதற்கிடையில் உலகம் வளர்ந்துகொண்டிருந்தது. தப்பாக எண்ணிய அந்தக் கை மூன்றாவது யுகத்தில் பூமிக்கு இறங்கி வந்ததாம். "ஏரிக்கரை ஏரிக்கரையாப் போய், என் விரலக் கொஞ்சம் பிடிச்சுப் பாருங்கன்னு கேட்டுது" என்றார் சமையல்காரர். "எந்த ஜனமும் பிடிக்கல. பயந்துக்கினு ஒதுங்கிடுச்சுங்க. கடல் பக்கம் மருந்து இருக்குதுன்னு காத்து சொல்லிச்சு. அந்தக் கை போவல."

"ஏன் போவல?" என்றார் டிரைவர்.

"போனா எல்லாருக்கும் தெரிஞ்சுடும்ல?"

தரகர் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். மாடு ஏற்கெனவே குடித்திருந்தது.

மறுநாள் மழை. டிரைவர் லாரியை எடுக்க முடியாமல் கொட்டகையிலேயே இருந்தார். நான் தரகருக்கு எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு நான் சொல்றேன். ஒரே ஆளு படைச்சுக்கினு இருந்தா இன்னா நியாயம்?"

"ஆட்சி மாறுது" என்றார் டிரைவர்.

சமையல்காரர் என்னைப் பார்த்தார். பிறகு அடுப்புப் பக்கம் மல்லாட்டை உரிக்கப் போய்விட்டார். தடுப்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். தடுக்காதது இன்னும் சந்தேகமாக இருந்தது.

கயிற்று ஜனம் பெரிய கல்மாட்டை எழுப்பப் பார்க்கிறது என்று தரகர் சொன்னார். துண்டைப் போட்டேன். முதல் முறையாக அவர் கை என் கைக்குள் வந்தது. இன்று இவருக்கு ஐந்து வரட்டும், சமையல்காரர் முகம் எப்படிப் போகிறது பார்க்கலாம் என்று ஐந்து விரலையும் சேர்த்து அழுத்திப் பிடித்தேன்.

"மூணு" என்றார் தரகர்.

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். சந்தை முகம். ஒன்றும் தெரியவில்லை. அடுப்புப் பக்கம் கடலைத் தோல் உடையும் சத்தம் நின்றிருந்தது.

"இன்னா, மூணா?" என்றார் டிரைவர்.

"ஆமா, மூணு" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கல்மாடு பாதி எழுந்து திரும்பப் படுத்துக்கொண்டது என்று ஏதோ கதை சொன்னேன். அடுத்த முறை துண்டுக்கு அடியில் அவருடைய கடைசி இரண்டு விரல்களை மட்டும் பிடித்தேன். இறுக்கிப் பிடித்தேன். நகம்கூட அழுந்தியிருக்கும். தரகர் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜல்தியா பிடிடா" என்றார். "எவ்ளோ நேரம் கைய நீட்டிக்கினு இருக்கறது?"

பிடித்துக்கொண்டுதான் இருந்தேன், அவருக்கு அது தெரியவில்லை. அந்தக் காலத்தில் விரல் மரத்துவிட்டது என்றால் எங்கள் பக்கம் குஷ்டம் ஒன்றைத்தான் நினைப்பார்கள். அது அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. பேச்சு எழுந்தால் போதும், அப்புறம் எந்தச் சந்தையிலும் அவர் துண்டுக்குள் யாரும் கையை விட மாட்டார்கள். என் கையும் உள்ளேதான் இருந்தது. எடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது. எடுக்கவில்லை. அவர் கட்டைவிரலையும் பக்கத்து விரலையும் பிடித்தேன்.

"ரெண்டு" என்றார் உடனே.

"ஆமா" என்றேன்.

மழை விட்டதும் பாத்திரம் கழுவும் இடத்தில் சமையல்காரரிடம் போனேன்.

"எப்பத்திலேர்ந்து தெரியும்?"

"வந்த அன்னிக்கே. கொதிக்கற குண்டான அப்படியே கையில வாங்கினாரு. ரெண்டு விரல் கொப்புளிச்சிருந்துது, அவருக்குத் தெரியல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"டிரைவர்கிட்ட நீ ஏன் சொல்லல?"

"அப்ப அந்தக் கதையெல்லாம்?"

"நேரா சொன்னா அடுப்பாண்ட நிக்கறவன் பேச்ச யாரு கேப்பாங்க? சாமிக்கு வந்துதுன்னு சொன்னா தினமும் உக்காந்து கேக்கறாரு. இன்னும் ஒரு யுகம் சொன்னா ஆஸ்பத்திரிக்கு வந்துடுவாருன்னு நினைச்சேன். நடுவுல நீ பூந்துட்ட." சாம்பலைத் தொட்டுக் குண்டானைத் தேய்த்தார். "பூந்ததும் நல்லதுதான்."

அந்தக் கடைசி வார்த்தைதான் இன்றுவரை என்னை விடவில்லை. நான் தரகரின் கையைப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே என்னைச் சந்தேகப்பட விட்டாரா? மூன்றுக்கு மேல் வராத ஜனத்தைப் பார்த்து எரிச்சல்படுகிற ஆள் அங்கே நான் ஒருவன்தானே இருந்தேன்?

அடுத்த சந்தை அன்று ஒலக்கூர் பக்கத்து ஆள் ஒருவர் ஒரு ஜோடியைச் சுற்றிச் சுற்றி வந்தார். கையை நீட்டினார். தரகர் தோளில் இருந்த துண்டை எடுத்தார். எடுத்தவர் என் தோளில் போட்டார்.

"இன்னிக்கு நீ பிடி. நான் பக்கத்துல நிக்கறேன்."

"உங்காளா?" என்றார் வந்தவர்.

"எங்காளுதான். சொன்ன எண்ண மாத்த மாட்டான்."

அதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான் ஐந்தைப் பிடித்ததும், மூன்று என்று சொன்னதும் அவருக்குத் தெரியுமா? கையால் தெரிந்திருக்க முடியாது. என் முகத்தில் தெரிந்திருக்கலாம். அப்போது நான் முகத்தை வைத்துக்கொள்ளப் பழகியிருக்கவில்லை.

மறுநாள் காலை பாண்டிச்சேரி பஸ்ஸில் தரகரும் சமையல்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தரகர் ரொம்ப நாள் மாத்திரை சாப்பிட்டார். என்ன நோய் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சமையல்காரர் அங்கேயே யார் வீட்டிலோ சமையலுக்கு நின்றுவிட்டார் என்று டிரைவர் சொன்னார். நான்காவது யுகம் சொல்லப்படவே இல்லை.

துண்டை என் தோளில் போட்ட அன்றைக்கு அந்த ஒலக்கூர் ஆள் என் விரல்களைப் பிடித்தார். பிடி சட்டென்று முடிந்துவிட்டது. நான் மட்டும் துண்டுக்குள்ளேயே என் கட்டைவிரலில் தொடங்கிச் சுண்டுவிரல் வரைக்கும் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். தரகர் வலது கையை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு, யாரோ ஓட்டிப்போகும் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.